நான்காலும் ஆறாலும் வகுபடும் எண்கள்

ஜூன் 9, திங்கள்

விடியும்போதே சாரல். பீடி இலையை நனைக்க வேண்டிய வேலை இல்லை, தானாகவே நமுத்துக் கிடக்கிறது. நறுக்கியது பாதிதான்.

பதினோரு மணிக்கு அகிலா வந்தாள். பெரியம்மா மகள். என்னைவிட நான்கு மாதம் மூத்தவள், பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். குற்றாலத்தில் சீசன் வந்தால் பெரியம்மா வீட்டு அறைகளை அருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு விட்டுவிடுவார்கள். வீடு முழுக்க எண்ணெய்த் தலை, ஈரத்துண்டு, பிள்ளைகள் கூச்சல். அகிலாவுக்கு 22-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலியில் நுழைவுத் தேர்வு. பன்னிரண்டாவது முடித்தவர்கள் நேரே ஐந்து வருட மேலாண்மைப் படிப்பில் சேர்வதற்கு. அதனால் மேலகரத்தில், எங்கள் வீட்டில், இரண்டு வாரம்.

கொண்டுவந்தவை:
புத்தகம் ஏழு. ஒன்று செங்கல் கனம்.
மூன்று நிறத்தில் பேனா.
மேசை விளக்கு.
சொந்தத் தலையணை.

எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டவை: ஃபேன் அடியில் உள்ள இடம், ஜன்னல், அம்மாவின் மெதுவான குரல். அப்படி ஒரு குரல் அம்மாவிடம் இருப்பதே இன்றைக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டுக்காரியிடம் போய், "புள்ள படிக்கா, டிவிய கொஞ்சம் கொறச்சு வையிங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

புகையிலைத் தூள் நெடியில் அகிலாவுக்குத் தும்மல் வருகிறது. என்னைப் பீடி சுற்றும் சுளகோடு அடுக்களைப் பக்கம் போகச் சொன்னாள் அம்மா. நிலைப்படி வரைதான் போனேன்.


ஜூன் 10, செவ்வாய்

சாரல், காற்று. 600 பீடி. அம்மா 300.

அகிலா சத்தம் போட்டுப் படிக்கிறாள். அப்படிப் படித்தால்தான் மண்டையில் ஏறுமாம். இங்கிலீஷில் ஒரு தடவை வாசித்துவிட்டு, தனக்குத்தானே தமிழில் சொல்லிக்கொள்கிறாள். எனக்குக் கையும் கண்ணும்தான் வேலையில் இருக்கிறது. காது சும்மாதான் இருக்கிறது.

இன்று கேட்டவை:
3, 9 – எல்லா இலக்கத்தையும் கூட்டு.
4 – கடைசி இரண்டு இலக்கம் பார்.
8 – கடைசி மூன்று.
11 – ஒன்று விட்டு ஒன்று கூட்டி, கழி.
25 – கடைசி இரண்டு 00, 25, 50, 75.

கடைசியதை அவள் மூன்று தடவை சொல்லி மனப்பாடம் செய்தாள். ஒரு கட்டுக்கு 25 பீடி. இரண்டரை வருடமாக இதைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன். 1475 என்றால் 59 கட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இதற்கு ஒரு புத்தகம், ஒரு மேசை விளக்கு, ஒரு டம்ளர் ஆர்லிக்ஸ்.

ஆர்லிக்ஸ் பாட்டில் நம் வீட்டில் இருந்ததா? இல்லை. நேற்று வாங்கியது.

பால் வண்டி நம்பர் 9-ஆல் வகுபடுகிறது. தென்காசி பஸ் ஒன்றின் நம்பர் 11-ஆல். யாரிடமும் சொல்லவில்லை.


ஜூன் 12, வியாழன்

ஒரு கேள்வி. 42A4B என்ற ஐந்து இலக்க எண் 72-ஆல் வகுபடும். A, B எத்தனை சோடி?

72 என்றால் 8-ம் 9-ம். இரண்டுக்கும் பொதுவாக எதுவும் கிடையாது, அதனால் தனித்தனியாகப் பார்த்தால் போதும். இது அகிலா சொன்னது. மீதி நான். 9-க்கு: 4, 2, 4 கூட்டினால் 10. A-ம் B-ம் சேர்ந்து 8, இல்லாவிட்டால் 17. 8-க்கு: A4B. 840 சரி. 048-ம் சரி. 17-ல் ஒன்றும் வரவில்லை. ஆக இரண்டு சோடி.

அகிலா 840-ஐக் கண்டுபிடித்துவிட்டு ஒன்று என்று எழுதினாள். பின்பக்கம் விடையைப் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு எங்கன இருக்கு" என்று பேனாவைக் கடித்தாள். பூஜ்யத்தை அவள் நினைக்கவே இல்லை.

எனக்கு உடம்பு சுட்டது. சந்தோஷமா என்று தெரியவில்லை. சுளகைப் பார்த்தால் ஒரே ஒரு பீடி, அதுவும் கோணல்.


ஜூன் 13, வெள்ளி

சாரல் விட்டு விட்டு. அம்மாவுக்கு இடுப்பு வலி. சுற்றியதைக் கொடுக்கப் பீடிக்கடைக்கு நான் போகவேண்டும், அங்கே ஆட்கள் நிற்பார்கள், பிடிக்காது. போய் வந்தேன்.

கேள்வி: ஓர் எண்ணை 25-ஆல் வகுத்தால் மீதி 23. 18-ஆல் வகுத்தால் மீதி 16. 12-ஆல் வகுத்தால் மீதி 10. அப்படிப்பட்ட மிகச் சிறிய எண் எது?

அகிலா நாற்பது நிமிடம். மூன்று பக்கம். இரண்டு நிறப் பேனா.

எங்கள் வேலையில் மீதி 23 என்று ஒன்று கிடையாது. 23 பீடி மிஞ்சிக் கிடந்தால் மீதி என்று யாரும் சொல்ல மாட்டோம். "ரெண்டு கொறையுது" என்போம். இரண்டு சுற்றிப் போட்டுக் கட்டிவிடுவோம். 18-க்கு 16 என்றாலும் இரண்டுதான் குறைகிறது. 12-க்கு 10 என்றாலும் அதேதான். ஆக அந்த எண்ணில் இரண்டைப் போட்டால் அந்த மூன்று எண்களாலும் வகுபடும். 25, 18, 12 மீ.சி.ம. 900. போட்ட இரண்டை எடுத்துவிட்டால் 898.

ஒரு கட்டுக்கு நூல் சுற்றி முடிப்பதற்குள் விடை வந்துவிட்டது.

அகிலா கடைசியில் விடையைப் பார்த்துவிட்டு, நிலைப்படிப் பக்கம் திரும்பி, "இது எப்படிட்டி வரும்" என்றாள். என்னிடம் கேட்கவில்லை, காற்றிடம் கேட்ட மாதிரி. வாயில் நூல் இருக்கிறவள் மாதிரி உதட்டை இறுக்கிக்கொண்டேன். நூல் கையில் இருந்தது.

எண்ணுக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி போட்ட கணக்கு ஒன்று வருகிறது. 30! என்று. எண் எதற்கு ஆச்சரியப்படுகிறது? கேட்கலாம். கேட்கவில்லை.


ஜூன் 15, ஞாயிறு

அகிலாவுடைய பள்ளிக்கூடத் தோழிகள் மூன்று பேர் வந்து ஐந்தருவிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். தேர்வுக்கு முன்னால் ஒரு நாள் தலை குளிரட்டும் என்று. "நீயும் வாயேன்ட்டி" என்றாள். நிஜமாகத்தான் கூப்பிட்டாள். இலை முடியவில்லை என்றேன். அந்தப் பிள்ளைகள் என் விரலைப் பார்த்தார்கள். நகத்தோரம் பழுப்பு, எவ்வளவு தேய்த்தாலும் போவதில்லை.

அம்மா தூங்கினாள். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். செங்கல் புத்தகத்தை எடுத்து ஃபேன் அடியில் உட்கார்ந்தேன். அவளுடைய இடத்தில்.

ஆச்சரியக்குறி என்றால் ஒன்றிலிருந்து அந்த எண் வரைக்கும் பெருக்குவது. 5! = 120. முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. இதற்கு இரண்டு நாள்.

பயிற்சியில் 20 கேள்வி. இங்கிலீஷ் மெதுவாகத்தான் ஓடுகிறது, ஆனால் எண்கள் நம் எண்கள்தான். 16 சரி. தப்பான நான்கில் மூன்று, கேள்வியே புரியாமல் போனது.

எழுதிவைக்கிறேன், இதைப் படிக்க யாரும் இல்லை. பத்தாவது அரையாண்டு முடிந்ததும் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். பீடி போடாவிட்டால் அம்மாவின் பீடித் தொழிலாளர் கார்டை வெட்டிவிடுவார்கள், அதனால் நான் சுற்றினேன். இரண்டு மாதம். அப்பா பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிவிட்டு வந்து, "திங்கக்கெழமையிலருந்து ஸ்கூலுக்குப் போ" என்றுதான் சொன்னார். யாரும் என்னை நிறுத்தவில்லை. வகுப்புக்குள் நுழைந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று அந்தத் திங்கட்கிழமை வயிற்று வலி என்றேன். அடுத்த திங்களும். பிறகு யாரும் சொல்லவில்லை.

அகிலாவுக்கு இந்த மாதிரி ஒரு திங்கட்கிழமை வந்திருந்தால் போலீஸ்காரப் பெரியப்பா ஸ்டேஷன் வண்டியிலேயே கொண்டுபோய் விட்டிருப்பார்.

சாயங்காலம் ஈரத் தலையோடு வந்தவள் புத்தகத்தைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தாள். "சித்தி, புத்தகத்துல தூள் வாசம் அடிக்கி." அம்மா என்னைப் பார்த்தாள். நான் உலையைப் பார்த்தேன்.


ஜூன் 17, செவ்வாய்

அகிலா ஒரு சார்ட் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். தேர்வுக்கு முந்தி இதை மட்டும் பார்த்தால் போதுமாம். எந்த எண்ணுக்கு எந்த இரண்டால் வகுத்துப் பார்க்கவேண்டும் என்று, சிவப்புப் பேனாவில் கட்டம் கட்டி:

12 → 3, 4
15 → 3, 5
18 → 2, 9
24 → 4, 6
36 → 4, 9
72 → 8, 9

பீடி சுற்றிக்கொண்டே நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தேன். நான்காவது வரி இடித்தது. 12-ஐ எடு. 4-ஆல் வகுபடும், 6-ஆல் வகுபடும், 24-ஆல் எங்கே வகுபடுகிறது? 4-க்குள் இருக்கும் 2-ம் 6-க்குள் இருக்கும் 2-ம் ஒன்றாகவே இருந்துவிடலாம், அதை அவள் இரண்டு தடவை எண்ணுகிறாள். பொதுவாக எதுவும் இருக்கக்கூடாது என்று அன்றைக்கு அவளே சொன்னதுதான். 3, 8 என்றுதான் இருக்கவேண்டும்.

51A2 என்ற எண்ணை வைத்துப் பார்த்தேன். அவள் வழியில் A 1-ம் வரும் 7-ம் வரும். சரியானது 1 மட்டும்தான்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து சார்ட் முன்னால் நின்றாள். அவளுக்கே ஏதோ உறுத்தியிருக்கவேண்டும். அறையில் நானும் அவளும்தான். "ஏட்டி செல்வி, நாலாறு இருவத்துநாலு. அப்போ நாலும் ஆறும் பாத்தாப் போதும்லா?"

இந்த ஒன்பது நாளில் என்னிடம் கேட்ட முதல் கணக்கு.

தலையை ஆட்டினேன். ஆமாம் என்று.


ஜூன் 18, புதன்

பெருஞ்சாரல். துணி காயவில்லை.

பீடிக்கடையில் கணக்கப்பிள்ளை எட்டுக் கட்டைக் கழித்துவிட்டார். வாய் மடிப்பு சரியில்லையாம். "என்ன தாயி, கனாக் கண்டுட்டே சுத்துனியோ?" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

தலை ஆட்டியது வெளியே தெரியாத காரியம். ஒரு சொல்கூட வரவில்லை என் வாயிலிருந்து. பிறகு ஏன் எட்டுக் கட்டு?

வீட்டுக்கு வந்தால் அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். அகிலா வடக்கே போய்ப் படிக்கப் போகிறாளாம், ஹாஸ்டலாம், ஏசி வகுப்பாம். எல்லாம் முடிந்துவிட்ட மாதிரி. பக்கத்து வீட்டுக்காரி, "ஒம் மவளும் நல்லா படிச்சவதான?" என்று கேட்டாள். அம்மா, "அவளுக்கு எங்க, அவளுக்கு ஆளுவளப் பாத்தாலே பயம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நிறம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

அகிலா தேர்வில் தோற்றுப்போனால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ரிசல்ட் வருகிற நாள், பெரியம்மா அழுகிறாள், அம்மாவின் மெதுவான குரல் திரும்பப் பெட்டிக்குள் போகிறது. நினைக்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு கட்டு முழுக்க நினைத்தேன்.


ஜூன் 19, வியாழன்

சொல்லாமல் இருக்கக் காரணங்கள்:
ஒரே ஒரு கேள்விதான் வரும். வராமலும் போகலாம்.
தானே கண்டுபிடித்துவிடுவாள்.
அவளுக்கு ஏழு புத்தகம் இருக்கிறது.
சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பாள்.
புத்தகத்தில் தூள் வாசம்.

கடைசி இரண்டும்தான் நிஜம்.

இன்று இரண்டு தடவை அவளிடம் போனேன். ஒரு தடவை தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். ஒரு தடவை ஒன்றும் கேட்கவில்லை. "என்னட்டி?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். ராத்திரிச் சாப்பாட்டில் தன் தட்டிலிருந்த முட்டையைப் பாதி வெட்டி என் தட்டில் வைத்தாள். அவளுக்கு மட்டும்தான் அம்மா முட்டை அவித்திருந்தாள். அதை ஏன் வைத்தாள்? வைக்காமல் இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.


ஜூன் 20, வெள்ளி

காலையில் பெரியப்பா பைக்கில் வந்தார். சீசன் பந்தோபஸ்து, நேரே அருவிக்கரையிலிருந்து வருகிறார், பூட்ஸ் ஈரம். ஞாயிறு விடியலில் கிளம்ப அங்கிருந்துதான் வசதி என்று அகிலாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நாளைதானே போவாள் என்று நினைத்திருந்தேன். சார்ட்டைக் கிழியாமல் எடுத்துச் சுருட்டி ரப்பர் போட்டாள். சுவரில் டேப் தடம் நான்கு.

ஃபேன் அடி இடம் காலி. நான் நிலைப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்ப் பெரியம்மாவைக் கூப்பிட்டேன். நானாக ஒருவரைக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. அகிலாவின் போனைத் தேர்வு முடியும்வரை வாங்கி வைத்துவிட்டார்கள். "அவ படிக்கா மக்ளே. என்ன விசயம், எங்கிட்ட சொல்லு" என்றாள் பெரியம்மா. பெரியம்மாவிடம் என்ன சொல்ல? நாலும் ஆறும் வேண்டாம், மூன்றும் எட்டும் என்றா? சும்மாதான் என்று வைத்துவிட்டேன்.


ஜூன் 21, சனி

அகிலா தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டுப் போயிருந்தாள். கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன். தனியாகவா என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. எல்லோரும் வெளியூர், எல்லோரும் துண்டோடு. வாசல் பக்கம் ஒரு அம்மாள் என் காலை மிதித்துக்கொண்டே வந்தார், சொல்லவில்லை. இறங்கவேண்டிய இடத்தில் இறங்க வழி கேட்க வாய் வரவில்லை, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். நனைந்தேன்.

பெரியம்மா வீட்டு வாசலில் எட்டுப் பத்துச் செருப்பு. உள்ளே யார் யாரோ. ஒருவர் மேல் முழுக்க எண்ணெய் பூசிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, யாரைப் பார்க்கவேண்டும் பாப்பா என்று என்னைக் கேட்டார், என் பெரியம்மா வீட்டில் வைத்து. அகிலா பின்னால் நெல் மூட்டை அறையில் இருந்தாள். அறைகளெல்லாம் ஆட்கள். மூட்டைமேல் சார்ட்.

பாட்டிலைக் கொடுத்தேன். இதற்கா வந்தே என்கிற மாதிரி பார்த்தாள். வரும் வழியெல்லாம் ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன், அது பஸ்ஸிலேயே போய்விட்டது. நான்காவது வரியில் விரலை வைத்தேன்.

"இது தப்பு. பன்னெண்டப் போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தாள். நேரம் எடுத்தது. வெளியே ஒரு பிள்ளை ஷாம்பு எங்கே என்று கத்திக்கொண்டிருந்தது. மூன்றும் எட்டும் ஏன் என்றும் சொன்னேன். அந்தப் பொதுவான 2-ஐயும் சொன்னேன். இவ்வளவு நேரம் நான் சேர்ந்தாற்போலப் பேசியது எப்போது என்று தெரியவில்லை.

"அன்னைக்கு ஒங்கிட்ட கேட்டேன்லா? தலைய ஆட்டுனியே."

"ஆட்டுனேன்."

"அப்போ தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

"தெரியும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். சிவப்புப் பேனாவை எடுத்து 4, 6-ஐ அடித்துவிட்டு 3, 8 என்று எழுதினாள். பிறகு அடுத்த வரியைப் பார்த்து, அதற்கு அடுத்த வரியைப் பார்த்து, தலை நிமிராமல், "மத்ததெல்லாம் சரியா?" என்று கேட்டாள். சரி என்றேன். "பஸ்ஸு கூட்டமாயிரும், கெளம்பு" என்றாள். காப்பி குடித்துவிட்டுப் போ என்று பெரியம்மா சொன்னதற்கு நிற்கவில்லை.


ஜூன் 22, ஞாயிறு

700 பீடி. கழிவு இல்லாமல் இருக்கவேண்டும்.

பத்து மணிக்குத் தேர்வு ஆரம்பம். பத்து மணிக்குச் சுளகை இறக்கி வைத்துவிட்டேன். பிறகு எடுத்துக்கொண்டேன். அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போனாள், அகிலாவுக்காக. எனக்கும் திருநீறு கொண்டுவந்தாள்.

அந்தக் கேள்வி வரவேண்டும் என்றும் நினைத்தேன், வரக்கூடாது என்றும். வந்தால் அந்த மார்க் யாருடையது?

போன் இல்லை.


ஜூன் 23, திங்கள்

சாரல் இல்லை. வெயில். இலை காய்ந்து ஓரம் உடைகிறது, நனைக்கவேண்டும்.

மத்தியானம் அகிலா போன். முதலில் அம்மா கால் மணி நேரம் பேசினாள், பிறகு என்னிடம் கொடுத்தாள். "இருவத்துநாலு ஒண்ணு வந்துச்சு. போட்டுட்டேன்" என்றாள் அகிலா. அவ்வளவுதான். சனிக்கிழமை பற்றி ஒன்றும் இல்லை.

நான் போனில் "ம்" என்பதைத் தாண்டிப் பேசுகிறவள் இல்லை. இன்று, "வேற என்னல்லாம் கேட்டான்? சொல்லு, எழுதிக்கிடுதேன்" என்றேன். எதற்கு என்றாள். சும்மா போட்டுப் பார்க்க என்றேன். வகுபடும் கணக்கில் ஆறு ஞாபகம் இருந்தது அவளுக்கு. இலைக்கட்டு சுற்றி வந்த காகிதத்தில் எழுதினேன். அரை மணி கழித்துக் கூப்பிடச் சொன்னேன். நிஜமாகவே கூப்பிட்டாள்.

ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தோம். நான்கு ஒரே விடை. ஒன்று: 1-லிருந்து 200 வரை 4-ஆலும் 6-ஆலும் வகுபடும் எண்கள் எத்தனை? அவள் 8 போட்டிருந்தாள். நான் 16. 24-ஐ வைத்து எண்ணிவிட்டாள், 12-ஐ வைத்து எண்ணவேண்டும். "ஆமால்லா" என்றாள். இன்னொன்று: 7-ஐ நூறு தடவை பெருக்கி 5-ஆல் வகுத்தால் மீதி. அவள் விட்டுவிட்டாள். கடைசி இலக்கம் 7, 9, 3, 1 என்று நான்கு நான்காகச் சுற்றி வருகிறது, நூறாவது 1-ல் முடியும், ஆக மீதி 1. கால்குலேட்டரில் நான்கைந்து போட்டுப் பார்த்துவிட்டு, சரி என்றாள்.

அவளுக்கு நான்கு. அந்த நான்கில் ஒன்று நான் பஸ்ஸில் நின்று கொண்டுபோய்க் கொடுத்தது. எனக்கு ஆறு.

"ஆறும் வந்துருச்சா?" என்றாள்.

"வந்துருச்சு."

"எப்பலருந்துட்டி போடுதே இதெல்லாம்?"

"நீ வந்த மறுநாள்லருந்து."

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பேச்சில்லை. பின்னால் யாரோ தாளிக்கிற சத்தம், பெரியம்மா யாருக்கோ அறைச் சாவி எங்கே என்று சொல்லும் சத்தம். அகிலா அங்கேதான் இருந்தாள், மூச்சு கேட்டது. பேச வாய் வராமல், வைக்கவும் மனசில்லாமல். அந்த மௌனம் எனக்குப் பழக்கமானதுதான், இரண்டு வாரமாக எனக்குள் இருந்தது. ஏதாவது ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். ஆறு கேள்விதானே, மற்ற பகுதியெல்லாம் இருக்கிறதே என்று. சொல்லவில்லை.

நன்றாக இருந்தது. வேறு மாதிரி எழுத வரவில்லை. அம்மா கையை நீட்டும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.